கர்ப்பூரம் முதலில் போகும், வெட்டிவேர் கடைசியில்

இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்குச் சொந்தமான ரீயூனியன் தீவின் சேன் பியேர் ஊர்ச் சனிக்கிழமைச் சந்தையில் ஒரு பாட்டியம்மா வெட்டிவேரைக் கட்டுக் கட்டாக வைத்து விற்பார். துணி அலமாரியில் போட்டு வை, பூச்சி அண்டாது, மாசக்கணக்கில் மணக்கும் என்று தீவின் பேச்சுமொழியான கிரெயோலில் சொல்வார். ‘வெத்திவேர்’ என்றுதான் அவர் வாயில் வரும், பிரெஞ்சுக்காரர்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். அது தமிழ்ச் சொல் அம்மா, உங்கள் பூட்டனார் பேசிய பாஷை என்றேன் ஒருமுறை. உனக்கு எல்லாமே தமிழ்தான் என்று சிரித்துவிட்டார்.

அவருக்குப் பக்கத்துக் கடையில் கொம்பாவா, அதுதான் அந்தச் சொரசொர எலுமிச்சை. தோலைக் கீறினால் சந்தையே மணக்கும், வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் கையில் வாசனை இருக்காது. வேர் ஏன் மாதக்கணக்கில் நிற்கிறது, தோல் ஏன் கால் மணி நேரத்தில் ஓடிவிடுகிறது? இந்த ஒரு கேள்விக்குள்தான் வாசனைத் திரவியத் தொழில் மொத்தமும் அடங்கியிருக்கிறது.

வாசனை என்பது பொருளை விட்டுக் கிளம்பி மூக்குக்கு வந்து சேரும் மூலக்கூறுகள்தான். கோவில் தட்டில் மூடாமல் வைத்த கர்ப்பூரம் கொளுத்தாமலே தேய்ந்து காணாமல் போவதைப் பார்த்திருப்பீர்கள், அது உருகக்கூட இல்லை, நேராகக் காற்றில் ஏறிவிட்டது. கொம்பாவாத் தோலில் இருக்கும் லிமோனீனும் இப்படி அவசரக்காரன்தான், மூலக்கூறு எடை 136, கொதிநிலை ஏறத்தாழ 176 டிகிரி. வெட்டிவேரில் இருக்கும் குசிமோலின் எடை 220, நகரவே யோசிக்கும்.

சரி, எடைதான் காரணம் என்று முடித்துவிடலாமா? முடியாது. லாவெண்டரில் உள்ள லினலூலின் எடை 154, வனிலாவின் வனிலினுக்கு 152. கிட்டத்தட்ட ஒரே எடை, ஆனால் லினலூல் சில மணி நேரத்தில் போய்விடும், வனிலின் மறுநாளும் சட்டையில் இருக்கும். வனிலின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொள்கின்றன, அதனால்தான் அது அறை வெப்பத்தில் படிகமாகவே இருக்கிறது, கொதிநிலையும் 285 டிகிரிக்குப் போய்விடுகிறது. ஆக, எவ்வளவு கனம் என்பதோடு எவ்வளவு ஒட்டிக்கொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வாசனை வடிவமைப்பவர் செய்வது ஒரு வகையில் நேரக் கணக்கு. முதல் பத்து நிமிடம் யார் பேசுவது, மதியம் வரை யார், இரவில் துணியில் மிச்சம் இருப்பது யார். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கனமான எண்ணெயில் கரைந்திருக்கும் லேசான மூலக்கூறு, தனியாக இருந்தால் கிளம்பும் வேகத்தில் கிளம்பாது, கூட்டத்தில் அதன் பங்கு குறைவாக இருப்பதால் ஆவியாவதும் அந்த அளவுக்குக் குறையும். வெட்டிவேர் எண்ணெயைத் தான் மணப்பதற்காக மட்டுமல்ல, மற்றவர்களைக் கொஞ்சம் பிடித்து வைக்கவும்தான் சேர்க்கிறார்கள்.

எண்ணெய் எடுப்பதை நீங்கள் பார்க்க வேண்டும். மைடோ மலைக்குப் போகும் வழியில் பெத்தித் பிரான்ஸில் ஜெரேனியம் என்ற வாசனைச் செடியிலிருந்து எண்ணெய் வடிக்கும் வாலைகள் இருக்கின்றன, தழையை அமுக்கி நிரப்பி, அடியில் தண்ணீர் கொதிக்க விறகு எரிப்பார்கள். எனக்கு அங்கே ஒரு சந்தேகம் வந்தது. ஜெரேனியத்தின் முக்கிய வாசனையான சிட்ரோனெலோல் கொதிப்பது 225 டிகிரி அளவில், நீராவியோ 100 டிகிரி, எப்படி வெளியே வருகிறது? தண்ணீரும் எண்ணெயும் கலப்பதில்லை, அதனால் ஒன்றின் ஆவியழுத்தத்தை, அதாவது ஆவியாகி வெளியே தள்ளும் அழுத்தத்தை, மற்றொன்று குறைப்பதில்லை, இரண்டும் கூட்டலாகிறது. அந்தக் கூட்டல் காற்றழுத்தத்தைத் தொட்டதும் கலவை கொதிக்கிறது, அதுவும் 100 டிகிரிக்குச் சற்றுக் கீழேயே. எண்ணெயின் பங்கு கொஞ்சம்தான், ஆனாலும் நீராவியோடு தொற்றிக்கொண்டு வந்துவிடுகிறது. குளிர்ந்ததும் தண்ணீர்மேல் மிதக்கும், அள்ளிக்கொள்ளலாம். ஒரு கிலோ எண்ணெய்க்கு 500 முதல் 1,000 கிலோ தழை. வெட்டிவேர் இன்னும் படுத்தும், கனமான மூலக்கூறுகள் வர வாலையைப் பல மணி நேரம் எரிக்க வேண்டும், எண்ணெயின் அடர்த்தியும் தண்ணீருக்கு மிக அருகில் என்பதால் பிரிப்பதே தலைவலி.

இந்தத் தீவின் பழைய பெயர் பூர்போன், ஜெரேனியம் பூர்போன் என்பது வாசனைத் தொழிலில் இன்றும் மரியாதையான பெயர். ஆனால் பெரிய அளவில் விளைவது எகிப்திலும் சீனாவிலும்தான், வெட்டிவேர் என்றால் ஹெயிட்டி. பெரிய நிறுவனங்களின் வாசனைகளைப் பெரும்பாலும் ஜிவோதான் போன்ற மூலப்பொருள் நிறுவனங்களின் ஊழியர்கள்தான் உருவாக்குகிறார்கள், கிலோ இவ்வளவு விலைக்குள் என்று முதலிலேயே வரம்பு கட்டிவிடுவார்கள். லட்சக்கணக்கான புட்டிகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், மழை அதிகமான வருடத்துத் தழை வேறு மாதிரி மணந்தால் அவர்களுக்குச் சிக்கல்.

இதனால்தான் அனுபவமுள்ள சிலர் வெளியே வந்து சொந்தமாகத் தொடங்குகிறார்கள். பிரான்ஸின் பெயர்பெற்ற வாசனைத் தொழில் குடும்பமான குர்லானில் பிறந்த பத்ரீசியா த நிக்கோலாய், மூலப்பொருள் நிறுவனங்களில் வேலை பார்த்த பிறகு, 1989இல் பாரிஸில் கணவரோடு சேர்ந்து தன் பெயரிலேயே சிறு வாசனை இல்லம் திறந்தார். கடை சிறியதென்றால் விலை உயர்ந்த எண்ணெயைத் தாராளமாக ஊற்றலாம், சில கிலோ மட்டுமே கிடைக்கும் சரக்கும் போதும், வருடத்துக்கு வருடம் மாறினால் கணக்கைத் தானே திருத்திக்கொள்ளலாம். விற்காவிட்டால் நட்டமும் தன்னுடையதுதான், அது வேறு விஷயம். பின்னாளில் அவர் வெர்சாயில் உள்ள ஒஸ்மோதெக் என்ற வாசனைக் காப்பகத்துக்குத் தலைமை ஏற்றார், அங்கே பழைய வாசனைகளைக் காற்று படாமல் ஆர்கான் வாயுவுக்குள், 12 டிகிரியில் வைத்திருக்கிறார்கள்.

என் அலமாரியில் ஆர்கானும் இல்லை, குளிரும் இல்லை. எட்டாவது மாதம் வேரில் வாசனை போய்விட்டது என்று பாட்டியம்மாவிடம் புகார் சொன்னேன். தண்ணீர் தெளித்துப் பார் என்றார். தெளித்ததும் திரும்ப மணந்தது. வேர் நாரில் ஒட்டியிருந்த மூலக்கூறுகளைத் தள்ளிவிட்டுத் தண்ணீர் அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது, அவை வெளியே வந்துதான் ஆக வேண்டும். மூன்று தடவை அப்படி ஓட்டினேன், அப்புறம் புதுக் கட்டு வாங்கினேன்.