தீவுக்குப் போகும் விமானத்துக்கு கார்பன் விலை: எந்த வழித்தடத்துக்கு உண்டு, எதற்கு இல்லை

ஒரு கிலோ விமான எரிபொருள் எரிந்தால் சுமார் 3.16 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். அந்த உமிழ்வுக்கு விமான நிறுவனம் பணம் கட்ட வேண்டும் என்பதுதான் கார்பன் விலை. சாலையோ ரயிலோ எட்டாத தீவுகளில் சுற்றுலாப் பயணிகள் பெரும்பாலும் விமானத்தில்தான் வந்து இறங்குகிறார்கள். அதனால் இந்த விலை மற்ற ஊர்களைவிட அங்கே அதிகம் உறைக்கும். ஆனால் எல்லாத் தீவுக்கும் ஒரே விதி கிடையாது. விமானம் எங்கே கிளம்பி எங்கே இறங்குகிறது என்பதை வைத்தே கணக்கு.

முதலில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உமிழ்வு வணிகத் திட்டம். விமானங்கள் 2012 முதல் இதில் உண்டு. நடைமுறையில் ஐரோப்பாவுக்குள் பறப்பவை மட்டும். வெளியேறும் ஒவ்வொரு டன்னுக்கும் நிறுவனம் ஓர் உமிழ்வு அனுமதியை, அதாவது ஒரு டன் வெளியிடுவதற்கான, விலை கொடுத்து வாங்கக்கூடிய உரிமத்தை, ஒப்படைக்க வேண்டும். முன்பு பெரும்பகுதி இலவசமாகக் கிடைத்தது. அந்தச் சலுகை 2024-ல் கால்வாசி, 2025-ல் பாதி என்று குறைக்கப்பட்டு 2026-ல் நிறுத்தப்படுகிறது. ஒரு பயணியின் பங்கு கால் டன், டன் விலை 70 யூரோ என்று வைத்துக்கொண்டால் ஒரு வழிக்கு 17.50 யூரோ ஆகும். நான்கு பேர் குடும்பம் போய் வர 140 யூரோ. பெரிய தொகை இல்லைதான், ஆனால் மலிவு விலை டிக்கெட்டை நம்பி வருபவருக்கு அது கண்ணில் படும்.

இதிலும் ஒரு விலக்கு இருக்கிறது. ஸ்பெயினின் கேனரி தீவுகள், போர்ச்சுகலின் மெடீரா, பிரான்சின் ரீயூனியன் போன்ற தொலைதூரப் பகுதிகளுக்கு அதே நாட்டின் மற்ற பகுதிகளிலிருந்து பறந்தால் 2030 முடியும் வரை அனுமதி ஒப்படைக்க வேண்டாம். அதாவது மாட்ரிட்டிலிருந்து கேனரி தீவுகளில் உள்ள டெனெரீஃப் போனால் விலை இல்லை; பிராங்பர்ட்டிலிருந்து போனால் உண்டு. உள்நாட்டு மக்களுக்கு நியாயமான சலுகைதான். வெளிநாட்டுப் பயணிகளை நம்பியிருக்கும் ஓட்டல்காரருக்கு அதனால் என்ன பயன்?

அடுத்தது, சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2016-ல் ஏற்றுக்கொண்ட கோர்சியா என்ற, சர்வதேச விமானங்களுக்கான உமிழ்வு ஈடுசெய்யும் திட்டம். இது மொத்த உமிழ்வுக்கும் விலை வைப்பதில்லை. 2024 முதல், 2019-ன் அளவில் 85 சதவீதத்தைத் தாண்டும் பகுதிக்கு மட்டும் நிறுவனங்கள் ஈடுசெய்யும் கார்பன் வரவுகளை (வேறு இடத்தில் உமிழ்வைக் குறைத்ததற்கான சான்றுகளை) வாங்க வேண்டும். வழித்தடத்தின் இரு முனை நாடுகளும் திட்டத்தில் இருந்தால்தான் இது பொருந்தும். 2027-ல் கட்டாயக் கட்டம் தொடங்கினாலும், வளரும் சிறு தீவு நாடுகள் தாமாக முன்வந்தால் ஒழிய விலக்கு உண்டு. ஜமைக்கா அப்படி முன்வந்து சேர்ந்த நாடு.

சரி, சுற்றுலா இதனால் படுத்துவிடுமா? கட்டணம் கூடுவதைவிட, பக்கத்துப் போட்டியாளருக்குக் கூடாமல் இருப்பதுதான் தீவுக்கு ஆபத்து என்பது என் கருத்து. பிரிட்டனின் விமானப் பயணி வரியைப் பாருங்கள். அது கார்பன் விலை அல்ல, தூரத்தை வைத்துப் போடும் வரி. தூரத்தை அளந்தது லண்டனிலிருந்து அந்தந்த நாட்டின் தலைநகருக்கு. விளைவு: 2010 நவம்பர் முதல் சாதாரண வகுப்பில் கரீபியத் தீவான பார்படாசுக்கு 75 பவுண்டு, அதைவிட வெகுதூரத்தில் இருக்கும் ஹவாய்க்கு 60 பவுண்டு. காரணம், ஹவாய் அமெரிக்காவின் பகுதி என்பதால் தூரம் வாஷிங்டன் வரை மட்டுமே கணக்கிடப்பட்டது! கரீபிய நாடுகள் பல ஆண்டுகள் போராடின. 2015 ஏப்ரலில்தான் தொலைதூரப் பிரிவுகள் ஒன்றாக்கப்பட்டு அந்த வேறுபாடு நீங்கியது.

கார்பன் செலவு டிக்கெட்டில் எப்போதும் தனித் தொகையாகத் தெரியாது. பெரும்பாலும் அடிப்படைக் கட்டணத்துக்குள்ளேயே கலந்திருக்கும். சில நிறுவனங்கள் வெளிப்படையாகவே வாங்குகின்றன. லுஃப்தான்சா குழுமம் 2025 ஜனவரி முதல், ஐரோப்பிய ஒன்றியம், பிரிட்டன், நார்வே, சுவிட்சர்லாந்திலிருந்து புறப்படும் விமானங்களுக்கு வழித்தடத்தையும் வகுப்பையும் பொறுத்து 1 முதல் 72 யூரோ வரை சுற்றுச்சூழல் கூடுதல் கட்டணம் வைத்திருக்கிறது. இரண்டு தீவுகளின் கட்டணத்தை ஒப்பிடும்போது இதையும் சேர்த்த மொத்தத் தொகையைப் பாருங்கள்.