ஹால் டைல்ஸ் ஏன் கூரை போட்டது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். தை மாத விடியற்காலை, வீடே தூங்கிக்கொண்டிருக்கும்போது ஹாலில் 'டமார்' என்று ஒரு சத்தம். லைட்டைப் போட்டுப் பார்த்தால் நடு ஹாலில் இரண்டு டைல்ஸ் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு கூரை மாதிரி எழும்பி நிற்கின்றன. போட்டு எட்டு வருஷம் ஆகிறதாம். அடியில் பாம்புப் புற்று இருக்கும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வாஸ்து சரியில்லை என்கிறார் மாமனார். ஹாலை முழுக்கப் பெயர்த்துப் புதிதாகப் போட முடிவு செய்துவிட்டார்கள். ஆள் வருவதற்கு முன் வீட்டில் என்னென்ன தயார் செய்ய வேண்டும் என்பது அவர் கேள்வி.

பாம்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது பித்தாகரஸ் தேற்றம்.

இரண்டடி டைல்ஸ் என்று கடையில் கேட்டால் கொடுப்பது 600 மில்லிமீட்டர் சதுரம். இப்படி இரண்டு டைல்ஸைச் சேர்த்துப் படுக்க வைத்தால் 1200 மி.மீ. இந்த இரண்டுக்கும் கிடைக்கும் இடம் ஒரே ஒரு மி.மீ. குறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டைல்ஸ் மடங்காது, அமுங்காது. போக்கிடம் மேலே மட்டும்தான். நடுவில் சேரும் இடம் எவ்வளவு உயரும்? கர்ணம் 600, அடிப்பக்கம் 1199-இல் பாதி, அதாவது 599.5. இரண்டையும் வர்க்கப்படுத்திக் கழித்து வர்க்கமூலம் எடுங்கள். கிட்டத்தட்ட 24.5 மி.மீ. வருகிறது. ஒரு மில்லிமீட்டர் நெருக்கத்துக்கு ஓர் அங்குல எழுச்சி!

இன்னும் வேடிக்கை இருக்கிறது. நெருக்கத்தைப் பத்தில் ஒரு பங்காக, 0.1 மி.மீ. ஆகக் குறைத்துப் பாருங்கள். உயரம் பத்தில் ஒரு பங்காகக் குறையவில்லை, 7.7 மி.மீ. இருக்கிறது. வர்க்கமூலத்தின் குணம் அது. சின்னத் தொகையைப் பெரிதாக்கிக் காட்டும். தலைமுடி அளவு நெருக்கம் காலில் இடறும் மேடாகிவிடுகிறது. பள்ளியில் ஏணியைச் சுவரில் சாய்த்தே இந்தத் தேற்றத்தைச் சொல்லித்தருகிறார்கள். ஒரு தடவை டைல்ஸை வைத்துச் சொல்லியிருந்தால் மறந்தே இருக்க மாட்டோம்.

சரி, அந்த ஒரு மில்லிமீட்டர் எங்கே போனது? மூன்று வழிகளில் போகலாம்.

முதலாவது, காங்கிரீட் காயக் காயச் சுருங்கும். நம் இந்தியத் தர விதி ஐ.எஸ். 456, கணக்குப் போட வேறு தகவல் இல்லாவிட்டால் பத்தாயிரத்துக்கு மூன்று பங்கு சுருக்கம் என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. ஆறு மீட்டர் ஹாலுக்கு அது 1.8 மி.மீ. ஒரே நாளில் நடப்பதில்லை, வருஷக்கணக்கில் நடக்கும்.

இரண்டாவது, குளிர். டைல்ஸும் குளிரில் சுருங்குமே, அப்படியானால் நெருக்கம் குறையத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் ஒரு டிகிரிக்குக் காங்கிரீட் பத்து லட்சத்தில் சுமார் 10 பங்கு சுருங்கினால், டைல்ஸ் சுமார் 7 பங்குதான் சுருங்குகிறது. தளம் அதிகம் சுருங்க, மேலே இருப்பவை நெருக்கப்படுகின்றன. பத்து டிகிரி இறங்கினால் ஆறு மீட்டருக்கு 0.18 மி.மீ. ஏற்கெனவே விளிம்பில் இருந்த தரைக்கு இது போதும். தை மாத விடியற்காலை சத்தத்துக்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும். சிங்கப்பூர் அடுக்குமாடி வீடுகளிலும் தொடர்ந்து மழை பெய்து குளிரும் நாட்களில் டைல்ஸ் எழும்பியதாகச் செய்தி வரும். அங்கே புற்றுக்கு எங்கே போவது?

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. சுட்ட மண், சூளையை விட்டு வெளியே வந்த நிமிஷத்திலிருந்து காற்றில் உள்ள ஈரத்தை வேதியியல் முறையில் தனக்குள் பிணைத்துக்கொள்ளத் தொடங்குகிறது. அப்படியே கொஞ்சம் கொஞ்சமாக விரியவும் செய்கிறது. அதன் அளவு காலத்தின் நான்காம் மூலத்தைப் பின்பற்றும். அதாவது முதல் நாளில் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு ஆக 16 நாள், மூன்று மடங்கு ஆக 81 நாள், பத்து மடங்கு ஆகப் பத்தாயிரம் நாள், அதாவது 27 வருஷம். வேகம் மெல்ல மெல்லக் குறையுமே தவிர நிற்காது. 2009-இல் மான்செஸ்டர், எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை வைத்தே செங்கல்லின் வயதைச் சொல்லும் முறையை வெளியிட்டார்கள். கான்டர்பரி நகரின் இடைக்காலச் செங்கல் ஒன்றைச் சோதித்தால் வயது 66 வருஷம் என்றே திரும்பத் திரும்ப வந்ததாம். விசாரித்தால், இரண்டாம் உலகப் போரில் அந்த ஊரில் குண்டு போட்டுப் பற்றிய தீயில் செங்கல் மறுபடி சூடாகி, பிணைந்த நீரெல்லாம் வெளியேறி, கடிகாரம் பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கிறது. கடலூரிலிருந்து புதுச்சேரி போகும் வழியில் அரியாங்குப்பம் பக்கம் இருக்கும் பழைய துறைமுக ஊரான அரிக்கமேட்டில் 1945-இல் தொல்லியல் அறிஞர் மார்டிமர் வீலர் தோண்டியெடுத்த பானை ஓடுகள் சுமார் இரண்டாயிரம் வருஷமாக இதே வேலையைச் செய்துகொண்டிருக்கின்றன. கண்ணாடி போல இறுகச் சுட்ட இன்றைய விட்ரிஃபைடு டைல்ஸில் நுண்துளை மிகக் குறைவு என்பதால் இந்த விரிவு சொற்பம். பழைய சாதாரண செராமிக்கில்தான் இது கணக்கில் வரும்.

நுண்துளை குறைவு என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. சிமெண்ட் பால் டைல்ஸின் துளைகளுக்குள் நுழைந்து, அங்கே படிகமாக வளர்ந்து பிடித்துக்கொள்வதுதான் பழைய முறை. விட்ரிஃபைடு டைல்ஸ் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காது. பால் நுழைய வாசலே இல்லை. அதற்குப் பாலிமர் கலந்த டைல்ஸ் பசைதான் சரி. அதோடு, நான்கு மூலைக்கும் நடுவுக்கும் ஐந்து உருண்டை கலவை வைத்து அமுக்கிவிட்டுப் போகிற பழக்கம் இருக்கிறதே, அதுதான் ஹாலைக் கூரையாக்குவது. அடி முழுக்க ஒட்டிய டைல்ஸ் நெருக்கினாலும் சுலபத்தில் மேலே எழும்பாது. அடி காலியாக இருந்தால் எழும்ப வழி கிடைத்துவிடுகிறது. பழைய மொசைக் தரைகளில் சதுரம் சதுரமாகக் கண்ணாடிப் பட்டை பதித்திருப்பார்கள், அழகுக்கு என்று நினைத்திருப்போம். சுருக்கம் எங்கே விழ வேண்டும் என்று மேஸ்திரி முன்கூட்டியே காட்டிக்கொடுத்த கோடு அது.

இனி வாசகர் கேட்டதற்கு வருகிறேன். உங்களுக்கு ஒரு சாதகம், எட்டு வருஷத்துக் காங்கிரீட் சுருங்க வேண்டியதைப் பெரும்பாலும் சுருங்கிவிட்டது. மேலே போடும் புதுக் கலவைதான் இனி சுருங்கும், அதைக் காயவிட வேண்டும். புது வீடு கட்டுபவர்கள் கிரகப்பிரவேசத் தேதியைக் குறித்துவிட்டு மேஸ்திரியை விரட்டுவதைத்தான் நான் சகிக்க மாட்டேன். நல்ல நேரம் பார்ப்பவர்கள் தளம் காயும் நேரத்தையும் பார்க்கலாம்.

பெயர்த்த பிறகு ஒன்றரை அடி சதுர பாலித்தீன் தாளைத் தளத்தில் விரித்து, நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். பிரிக்கும்போது அடியில் நீர்த்துளி கோத்திருந்தாலோ தளம் கறுத்திருந்தாலோ ஈரம் ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். லேமினேட் மரத்தரை போடுபவர்கள் இந்தச் சோதனை இல்லாமல் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கக் கூடாது. கலவைக்கு வரும் மணலையும் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரையும். நம் கடற்கரையில் காலை நேரத்தில் அந்த அளவு சர்வ சாதாரணம். உப்பு மணல் கலந்த தரை எந்தக் காலத்திலும் முழுக்கக் காயாது.

மற்றவை அவரவருக்குத் தெரிந்ததுதான். பீரோ, கட்டில், ஃப்ரிட்ஜ் எல்லாம் முந்தைய நாளே வெளியே போகட்டும். வேறு யாராவது பழைய டைல்ஸைப் பெயர்க்காமல் மேலேயே போடுவதாக இருந்தால் தரை உயரும், கதவின் அடியைச் சீவ வேண்டும், தச்சரிடம் முதலிலேயே சொல்லி வையுங்கள். டைல்ஸ் பெட்டிகளில் பேட்ச் எண் ஒன்றாக இருக்கிறதா என்று இறக்கும்போதே பாருங்கள், உடைசலுக்குக் கொஞ்சம் கூடுதலாக வாங்குங்கள். டைல்ஸ் அறுக்கும்போது பறக்கும் சிலிக்கா தூசி நுரையீரலை நிரந்தரமாகக் கெடுக்கும். தண்ணீர் விட்டு அறுக்கச் சொல்லுங்கள், அறுப்பவருக்கு நல்ல முகக்கவசம் வாங்கிக்கொடுங்கள். லட்சக்கணக்கில் தரைக்குச் செலவழிக்கும் வீட்டில் இதற்கு யோசிப்பதைப் பார்த்தால் கோபம் வருகிறது.

இன்னொரு கோபமும் உண்டு. ரூர்க்கியில் மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, சென்னை தரமணியில் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையம் இருக்கிறது. இந்த மாதிரி இடங்களுக்கு இன்னும் கொஞ்சம் பணம் கொடுத்து, உப்புக்காற்று வீசும் ஊர்களின் வீட்டுத் தரையைப் பத்து, இருபது வருஷம் பொறுமையாக அளக்க வைக்கலாம். ராக்கெட்டுக்குக் கைதட்டுகிற நமக்குக் காலடியில் நடப்பது ஆய்வாகத் தெரிவதில்லை.

மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியவை மூன்று. பல் வைத்த கரண்டியால் அடி முழுக்கப் பசை இழுக்க வேண்டும். டைல்ஸுக்கு நடுவே ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் சின்னத் துண்டு) வைக்காமல் ஒட்டி ஒட்டிப் போடக் கூடாது. சுவரோரம் நான்கு பக்கமும் ஒரு பென்சில் நுழையும் இடைவெளி விட வேண்டும், அதில் கலவையை அடைக்கக் கூடாது. "இடுக்கு தெரியுமே சார், அசிங்கமா இருக்கும்" என்பார். சுவரின் அடியில் ஒட்டும் ஸ்கர்ட்டிங் பட்டை அதை மறைத்துவிடும். பசை இறுகியதும் கடைசிப் பணத்தைக் கொடுப்பதற்கு முன் ஒரு காசை எடுத்து ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்று வெற்றொலி கேட்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுவிடுங்கள். அதை அவர் இருக்கும்போதே பெயர்த்து மறுபடி போட வைப்பது சுலபம்.