ஐந்து பைசா ஆம்லெட்

மாதம் பிறந்ததும் எங்கள் விடுதியின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுவார்கள். போன மாதம் சமையலறைக்கு ஆன மொத்தச் செலவு, அதை வகுத்ததில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு விழும் தொகை. தமிழ்நாட்டு விடுதிகளில் இதற்கு டிவைடிங் சிஸ்டம் என்று பெயர். ஆன செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம், இடையில் லாபம் பார்க்க ஆளில்லை. பொருளாதாரம் படிக்க வந்த எனக்கு முதல் ஆண்டில் இது மிக நியாயமான ஏற்பாடாகத் தெரிந்தது.

ஆனால் தொகை ஏறிக்கொண்டே போனது. சமையல்காரர்கள் மளிகையைக் கடத்துகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டுகிற மனிதர்களைப் பற்றிய பேச்சு அது. எனக்கு மனம் பொறுக்காமல், ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு கணக்குப் போட உட்கார்ந்தேன்.

விடுதியில் 240 பேர். ஓர் ஆம்லெட்டுக்கு ஆகும் செலவு 12 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். நான் இரண்டாவதாக ஒன்று வாங்கினால் அந்த 12 ரூபாய் 240 பேர் தலையிலும் விழுகிறது. என் பங்கு வெறும் ஐந்து பைசா. ஒரு பொருளைக் கூடுதலாக ஓர் அலகு எடுப்பதால் ஆகும் செலவை இறுதிநிலைச் செலவு என்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்று மனம் எடை போடுவது அதை வைத்துத்தான். பசி அடங்கிவிட்டாலும் ஐந்து பைசாவுக்கு ஆம்லெட்டை யார் வேண்டாம் என்பார்கள்? 240 பேரும் அப்படியே நினைத்து நாளுக்கு ஒன்று கூடுதலாக வாங்கினால், மாதக் கடைசியில் ஒவ்வொருவர் கணக்கிலும் 360 ரூபாய் ஏறிவிடும். இதில் திருடன் யாருமில்லை. 12 ரூபாய்ப் பண்டத்துக்கு ஐந்து பைசா விலை காட்டும் ஏற்பாடு இருக்கிறது, அவ்வளவுதான்.

இதை உணவகத்திலேயே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பொருளாதார ஆய்வாளர் யூரி நீசியும் அவருடன் இருவரும் இஸ்ரேலில் மாணவர்களை ஆறு ஆறு பேராகச் சாப்பிட அழைத்துப்போய், முடிவுகளை 2004-இல் வெளியிட்டார்கள். அவரவர் பில்லை அவரவர் கட்டியபோது ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 37 ஷெக்கல் (இஸ்ரேல் நாணயம்) ஆனது. மொத்த பில்லை ஆறாகப் பங்கிட்டபோது 51. ஆய்வாளர்களே முழுவதையும் கட்டியபோது 82. ஆறு பேருக்கே இந்த நிலை என்றால் 240 பேருக்குக் கேட்கவே வேண்டாம்.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் தனித்தனியாக விலை வைத்துவிடலாமா? கூடாது என்பதே என் எண்ணம். சோற்றையும் சாம்பாரையும் கரண்டிக் கணக்கில் எழுத ஒருவரை உட்கார வைத்தால் அவர் சம்பளமே மிச்சத்தை விழுங்கிவிடும். அதைவிட முக்கியம், கையில் காசில்லாத மாணவன் வயிறு நிறையச் சாப்பிடத் தயங்குவான். பொதுச் சொத்தைச் சீரழியாமல் காக்கும் ஊர்களை ஆராய்ந்து, 2009-இல் பொருளாதார நோபல் பெற்ற முதல் பெண்மணி எலினார் ஆஸ்ட்ரம் எனக்கு இங்கேதான் கைகொடுத்தார். அவர் எடுத்துக்காட்டும் ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பல். பனிக்காலத்தில் தன் தீவனத்தைப் போட்டு எத்தனை மாடுகளைக் காப்பாற்ற முடியுமோ, அத்தனை மாடுகளைத்தான் கோடையில் பொது மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டலாம் என்று அங்கே 1517-லேயே விதி எழுதியிருக்கிறார்கள். விதியை எழுதியவர்கள் மேய்ப்பவர்களே.

நாங்களும் மெஸ் கமிட்டியைக் கூட்டினோம். சோறு, குழம்பு, பொரியல், மோர் எப்போதும்போலப் பொதுக்கணக்கில் இருக்கட்டும், முதல் ஆம்லெட்டும் அப்படியே. இரண்டாவதுக்கு மட்டும் 12 ரூபாய் டோக்கன். இரண்டு மணி நேரம் சத்தம் போட்ட பிறகு, கை தூக்கி முடிவானது.

டோக்கன் வந்த முதல் காலை ஆம்லெட் கல்லுக்கு முன்னால் வரிசை வழக்கத்தில் பாதிதான் இருந்தது. எட்டரை மணிக்கெல்லாம் மாஸ்டர் கல்லைத் துடைத்துவிட்டு, பிரிக்காத இரண்டு முட்டை அட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்தார். பிறகு ஒரு டம்ளர் தேநீரோடு வாசல் திண்ணையில் போய் உட்கார்ந்தார். அந்த நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.