அப்டேட் போட்டதும் டேஷ்போர்டு திறந்துச்சுன்னா வேலை முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க

கோயம்புத்தூர் பக்கம் வீடுகளுக்கு ஹோம் ஆட்டோமேஷன் போட்டுக் குடுக்குறது தான் என் தொழில். எனக்கு வர்ற சர்வீஸ் கால்ல நிறைய "அப்டேட் போட்டோம்ங்க, அதுல இருந்து தான்..." ன்னு தான் ஆரம்பிக்கும். இதுல சிஸ்டம் மொத்தமா படுத்துட்டா கூட பரவாயில்ல, உடனே தெரிஞ்சுடும், பேக்கப்ப எடுத்து ரீஸ்டோர் பண்ணிட்டு போயிடலாம். நான் பயப்படறது சத்தமே இல்லாம நின்னு போற விஷயத்துக்கு. டேஷ்போர்டு நல்லா திறக்கும், போன்ல அமுக்குனா லைட் எரியும், எல்லாமே சரியா இருக்குற மாதிரி தான் தெரியும், ஆனா உள்ள ஏதோ ஒரு ஆட்டோமேஷன் மட்டும் ஓடாம நின்னுருக்கும், அது யாருக்கும் தெரியாது, தேவைப்படற அன்னிக்கு தான் தெரியும்.

ஒரு வீட்டுல சம்ப்ல இருந்து மேல் டேங்குக்கு தண்ணி ஏத்துற மோட்டார ஆட்டோமேஷன்ல விட்டிருந்தாங்க, வேற ஒருத்தர் செஞ்ச வேலை. டேங்க்ல தண்ணி குறைஞ்சா மோட்டார் ஆன், இருபது நிமிஷம் டிலே, அப்புறம் ஆஃப். காலைல மோட்டார் ஓடிட்டு இருக்கும்போதே வீட்டுப் பையன் போன்ல அப்டேட் வந்திருக்கேன்னு அமுக்கிட்டு காலேஜ் கிளம்பிட்டான். அப்டேட் நல்லபடியா ஏறிடுச்சு, சர்வரும் (ஆட்டோமேஷன் எல்லாத்தையும் ஓட்டுற வீட்டுச் சின்ன கம்ப்யூட்டர்) ரீஸ்டார்ட் ஆயிடுச்சு. ஆனா மோட்டார் நிக்கல. டேங்க் நிரம்பி வழிஞ்சு, சம்ப் காலியாகி, மோட்டார் தண்ணியில்லாம ஓடி மெக்கானிக்கல் சீல் போயிடுச்சு. வீட்டுப் பெரியவர் போன் பண்ணி "தம்பி, போன்ல பார்த்தா எல்லாம் சரியா தான் காட்டுது, ஆனா மோட்டார் ஒரு மாதிரி கத்துது" ன்னார். போன்ல காட்டுனதும் பொய் இல்ல, மோட்டார் ஆன்னு தான் காட்டுச்சு, ஆன்ல தான இருந்துச்சு.

இதுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். வீட்டு ஆட்டோமேஷன ஓட்டுற ஹோம் அசிஸ்டன்ட் மாதிரி சாஃப்ட்வேர்ல ஆட்டோமேஷனுக்கு நடுவுல ஓடிட்டு இருக்குற டிலே ரீஸ்டார்ட்டுக்கு அப்புறம் தொடராது, விட்ட இடத்துல இருந்து எண்ணாது, அப்படியே அழிஞ்சு போயிடும். ட்ரிக்கர்ல, அதாவது ஆட்டோமேஷன கிளப்பி விடற இடத்துல, "இவ்ளோ நேரம் இப்படியே இருந்தா" ன்னு போடற கண்டிஷனும் ரீஸ்டார்ட்ட தாண்டாதுன்னு அவங்க டாக்குமென்டேஷன்லயே எழுதியிருக்கு. ஆனா அப்டேட்னாலே ரீஸ்டார்ட் தான! அதனால மோட்டார், கீசர் இந்த ரெண்டையும் நிறுத்துற பொறுப்ப சர்வர்கிட்ட மட்டும் குடுக்கவே குடுக்காதீங்க, மோட்டார ஆன் ஆஃப் பண்ற ரிலேகிட்டயும் குடுங்க. டாஸ்மோட்டா (ரிலே உள்ள ஓடற சாஃப்ட்வேர்) போட்ட ரிலேன்னா பல்ஸ்டைம்னு ஒரு கமாண்ட் இருக்கு, இருபது நிமிஷம்னா 1200 செகண்ட், அதோட 100 கூட்டி 1300 ன்னு குடுக்கணும், அவ்ளோ தான், சர்வர் இருந்தாலும் செத்தாலும் ரிலே தானா ஆஃப் ஆயிடும். ஷெல்லி கம்பெனி ரிலேல ஆட்டோ ஆஃப்னு செட்டிங்லயே இருக்கு. கூடவே கரன்ட் போய் வந்தா ரிலே ஆஃப்ல இருக்குற மாதிரியும் வச்சுடுங்க, டாஸ்மோட்டால பவர்ஆன்ஸ்டேட் 0, இல்லைன்னா கட் ஆகி வந்ததும் மோட்டார் பழையபடி ஓட ஆரம்பிச்சுடும். (மோட்டார நேரா அந்தச் சின்ன ரிலேல மாட்டாதீங்க, நடுவுல கான்டாக்டர், அதாவது பெரிய கரன்ட்ட தாங்குற சுவிட்ச், கண்டிப்பா வேணும், ஸ்டார்ட்டிங் கரன்ட்ல ரிலே ஒட்டிக்கிட்டா எந்த செட்டிங்கும் காப்பாத்தாது.) போட்டு முடிச்சதும் மோட்டார ஓட விட்டு, சர்வர் பிளக்க பிடுங்கிட்டு, சொன்ன நேரத்துல நிக்குதான்னு கண்ணால பாருங்க.

இன்னொரு வகை, முன்ன இருந்தத எடுத்துடறது. ஜிக்பீங்கற வயர்லெஸ்ல ஓடற பட்டன், சென்சார எல்லாம் ஹோம் அசிஸ்டன்ட்டோட இணைக்கிற ஜிக்பீ2எம்க்யூடிடி சாஃப்ட்வேர் 2025 ஜனவரில 2.0 க்கு வந்துச்சு. அதுவரைக்கும் ஜிக்பீ பட்டன அமுக்குனா ஹோம் அசிஸ்டன்ட்ல ஆக்ஷன்னு ஒரு சென்சார்ல வந்து விழும், நிறைய பேர் அதை வச்சு தான் ஆட்டோமேஷன் எழுதியிருந்தாங்க. 2.0 ல அந்த சென்சார டிஃபால்ட்டா எடுத்துட்டாங்க, பழசே வேணும்னா லெகஸி ஆக்ஷன் சென்சார்னு ஒரு ஆப்ஷன நாமளா ஆன் பண்ணணும். ரிலீஸ் நோட்ஸ்ல எல்லாம் தெளிவா போட்டிருந்தாங்க, அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது. ஆனா ஆட்-ஆன்ல (ஹோம் அசிஸ்டன்ட்டோட சேத்து ஓடற இந்த மாதிரி துணை சாஃப்ட்வேர்) ஆட்டோ அப்டேட்ட ஆன் பண்ணி வச்ச வீட்டுல யார் அதைப் படிச்சாங்க? ராத்திரி தானா ஏறிடும். லைட் ஃபேன் எல்லாம் வேலை செய்யும், கட்டில் பக்கத்துல வச்ச பட்டன் மட்டும் செத்துப் போயிருக்கும். வயசான அம்மா ராத்திரி பாத்ரூம் போக அமுக்குற பட்டனா அது இருந்தா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க. அதனால ஆட்டோ அப்டேட் எந்த ஆட்-ஆன்லயும் வேணாம், இப்பவே போய் ஆஃப் பண்ணிடுங்க.

அப்போ அப்டேட்டே போடாம விட்டா என்னன்னு கேப்பாங்க. அதுவும் சரி வராது. ஹோம் அசிஸ்டன்ட்ல மாசா மாசம் முதல் புதன்கிழமை புது வெர்ஷன் வரும், ஒரு விஷயத்த எடுக்கப் போறாங்கன்னா பெரும்பாலும் ஆறு மாசம் மாதிரி முன்னாடியே சொல்லி ரிப்பேர்ஸ்னு இருக்குற எச்சரிக்கை பக்கத்துல காட்டிட்டு தான் எடுப்பாங்க. ஒரு வருஷம் தொடாம விட்டுட்டு ஒரே தாவா தாவுனீங்கன்னா அந்த எச்சரிக்கை ஒண்ணையும் பார்த்திருக்க மாட்டீங்க, எல்லா மாத்தமும் ஒரே நாள்ல தலைல விழும், எது எதை உடைச்சுதுன்னே கண்டுபிடிக்க முடியாது. ஹார்டுவேரும் அப்படித்தான். 2025 டிசம்பர் வெர்ஷனோட 32 பிட்டுக்கு சப்போர்ட்ட முடிச்சுட்டாங்க, அந்த வருஷம் மே மாசமே சொல்லிட்டாங்க. சர்வரா ராஸ்பெர்ரி பை 3 (கைக்கடக்கமான சின்ன கம்ப்யூட்டர் போர்டு) வச்சிருந்தா போர்ட மாத்த வேணாம், 64 பிட் இமேஜ எழுதி பேக்கப்ப ரீஸ்டோர் பண்ணா போதும், பை 2 ன்னா போர்டே மாத்தணும்.

நான் பாக்குற வீடுகளுக்கு வச்சிருக்குற முறை என்னன்னா, புது வெர்ஷன் வந்த அன்னிக்கு தொடமாட்டேன், அடுத்தடுத்து வர்ற சின்ன திருத்தம் எல்லாம் வந்து முடியட்டும்னு மாசக் கடைசி வரைக்கும் விட்டுடுவேன். அப்புறம் ரிலீஸ் நோட்ஸ்ல எதெல்லாம் உடையும்னு போட்ட பகுதிய மட்டுமாவது முழுசா படிச்சு, அந்த வீட்டுல இருக்குற இன்டக்ரேஷன் (ஒவ்வொரு சாதனத்தையும் இணைக்கிற பகுதி) பேர் அதுல வருதான்னு பாப்பேன். ஒரு நாள்ல ஒண்ணு தான், கோர், அதாவது ஹோம் அசிஸ்டன்ட்டோட மெயின் சாஃப்ட்வேர், போட்ட அன்னிக்கு ஜிக்பீ பக்கம் போகமாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம், வீட்டுல விசேஷம் இருக்குற வாரம், இதெல்லாம் கிட்டயே சேக்குறதில்ல. அப்டேட் ஏறுனதும் டேட்டாபேஸ் மாத்தம் நடக்குதுன்னு மெசேஜ் வந்தா, எவ்ளோ நேரம் ஆனாலும் பவர பிடுங்காதீங்க, ரீஸ்டார்ட்டும் குடுக்காதீங்க. ஹிஸ்டரி டிஃபால்ட்டா பத்து நாள் தான் வச்சுக்கும், அதை ஒரு வருஷம்னு ஏத்தி விட்டவங்களுக்கு எஸ்டி கார்டுல இது ரொம்ப நேரம் இழுக்கும், நடுவுல நிறுத்துனா டேட்டாபேஸே கெட்டுப் போக வாய்ப்பிருக்கு.

எல்லாம் முடிஞ்சதும் டேஷ்போர்ட பார்க்காதீங்க, வீட்டச் சுத்தி நடங்க. இந்த வீட்டுல எது நின்னா யாருக்காவது ஆபத்து இல்ல பண நஷ்டம்னு ஒரு பேப்பர்ல எழுதி டிபி பாக்ஸ் உள்ள ஒட்டி வைங்க, மோட்டார், கீசர், கேஸ் லீக் அலாரம், கேட், ராத்திரி லைட், அவ்ளோ தான் வரும். ஒவ்வொண்ணையும் நிஜமா இயக்கிப் பாக்கணும். மத்ததெல்லாம் மெதுவா சரி பண்ணிக்கலாம். சுவத்துல இருக்குற சுவிட்ச் சர்வர் இல்லாமலும் வேலை செய்யணும்ங்கறதுல மட்டும் நான் யாருக்காகவும் விட்டுக் குடுக்குறதில்ல, சுவிட்ச எடுத்துட்டு வெறும் டச் பேனலும் ஆப்பும் போதும்னு இன்டீரியர்காரங்க சொன்னா கூட.

பேக்கப் பத்தியும் ஒண்ணு. 2025.1 ல இருந்து ஹோம் அசிஸ்டன்ட்ல ஆட்டோமேட்டிக் பேக்கப் டிஃபால்ட்டா என்க்ரிப்ட் ஆகி (பூட்டு போட்டு) தான் சேவ் ஆகுது, திறக்க ஒரு கீ வேணும், எமர்ஜென்சி கிட்னு அதை டவுன்லோட் பண்ணிக்கச் சொல்லும். பல வீட்டுல கீ அந்த சர்வர்லயே கிடக்கும், இல்ல போட்டுக் குடுத்தவர் லேப்டாப்ல இருக்கும், அவர் இப்ப போன் எடுக்கமாட்டார். சர்வர்ல இருக்குற எஸ்டி கார்டு போயிடுச்சுன்னா பேக்கப் ஃபைல் கைல இருந்தும் திறக்க முடியாது. ஆட்டோமேஷன் போட ஆள் கூப்பிடறப்பவே இதெல்லாம் பேசிடுங்க: அட்மின் லாகின் உங்க பேர்ல இருக்கணும், கீய ப்ரின்ட் எடுத்து வீட்டுப் பத்திரத்தோட வச்சுக்கணும், பேக்கப் சர்வருக்கு வெளில இன்னொரு இடத்துலயும் ஏறணும், ஏஎம்சி (வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) போட்டா அப்டேட்டும் அப்டேட்டுக்கு அப்புறம் டெஸ்ட் பண்றதும் அதுல சேந்ததான்னு எழுத்துல வாங்கிக்கணும். கடைசி பேமென்ட்ட இதெல்லாம் கைக்கு வந்தப்புறம் குடுங்க.