இறக்கத்தில் நியூட்ரல் போடாதீர்கள், அதுவும் டிரெய்லரோடு

போன வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்குப் போன். "அண்ணா, பெடல் தரைக்குப் போகுது. பிரேக்கே இல்லண்ணா." தர்மபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் இருக்கும் தொப்பூர் கணவாய் இறங்கி முடியும் இடத்தில் ஓரத்து மண்ணில் ஏற்றி வண்டியை நிறுத்தியிருக்கிறான் தம்பி. பின்னால் டிரெய்லர், அதன்மேல் ரேஸுக்குத் தயார் செய்த சின்னக் கார். பெங்களூரிலிருந்து கோயம்புத்தூர் செட்டிபாளையம் டிராக்குக்குப் போய்க்கொண்டிருந்தவன். நல்ல வேளை, யாருக்கும் அடியில்லை. இந்த வருடம் எனக்கு இப்படி வந்த மூன்றாவது போன் இது. பெங்களூர் வில்சன் கார்டனில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் எனக்கு, வருகிறவர்களிடமெல்லாம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நான் கேட்ட முதல் கேள்வி: "எந்தக் கியர்ல இறங்கின?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "நியூட்ரல்ணா. டீசல் மிச்சமாகும்னு..."

மிச்சமாகாது ஐயா! இப்போது ஓடும் வண்டிகளில் எவ்வளவு டீசல் போக வேண்டும் என்று அளந்து கொடுப்பது இசியூ என்கிற கம்ப்யூட்டர். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் உருளும் சக்கரமே இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்து இசியூ, டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரை மூடிவிடும். டீசல் செலவு பூஜ்யம். நியூட்ரலில் போட்டால் சக்கரத்துக்கும் இன்ஜினுக்கும் தொடர்பு அறுந்தது. அணைந்துவிடாமல் இருக்க இன்ஜின் டீசல் குடித்துத்தான் ஓட வேண்டும். அதாவது, மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரல் தட்டுகிறவர்தான் செலவழிக்கிறார். நம்பாதவர்கள் அந்தந்த நொடியின் மைலேஜைக் காட்டும் மீட்டர் இருக்கும் வண்டியில், பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பாருங்கள். நியூட்ரலில் மிச்சம் என்பது கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் வண்டிக் காலத்துக் கணக்கு. அப்பாவிடம் ஓட்டப் பழகியவர்கள் அதையும் சேர்த்துப் பழகிவிடுகிறார்கள்.

சாவியைத் திருப்பி இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். பிரேக் மிதியை இலகுவாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்குவம் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். பிறகு பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். இவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

சரி, டிரெய்லருக்கு வருவோம். "என் வண்டிக்குப் பவர் இருக்குண்ணா, அலட்டிக்காம இழுக்குது" என்பார்கள். மேட்டில் இழுக்கிறது, சரி. இறக்கத்தில் அது உங்களைத் தள்ளுமே? வண்டி ஆட்களோடு 2,000 கிலோ, டிரெய்லரும் அதன்மேல் காரும் 1,300 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த 3,300 கிலோ, 300 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிவரும் சூட்டில் 30 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். வீட்டுக்கு வரும் தண்ணீர் கேனில் ஒன்றரை. காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். இரண்டாம் கியரில் வந்தால் இன்ஜின் பெரும்பங்கை ஏற்கும். நியூட்ரலில் வந்தால் மிச்சம் முழுக்க பிரேக் தலையில்தான். பெங்களூர் 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது, சேலம் 300க்குக் கீழே. சேலம் வழியாகத் தெற்கே போகும் ஒவ்வொரு பயணத்திலும் இந்த உயரத்தை எங்காவது இறங்கித்தான் ஆக வேண்டும்.

பெடல் ஏன் தரைக்குப் போனது? பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற தரத்துப் புது ஆயில் 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் குடித்தபின் 140க்கே கொதிக்கலாம். கொதித்தால் குழாயில் ஆவி. ஆயிலை அழுத்த முடியாது, ஆவி அமுங்கிவிடும். தம்பியின் வண்டியில் கடைசியாக எப்போது ஆயில் மாற்றியது என்று கேட்டேன். "அதையெல்லாம் மாத்தணுமாண்ணா?" என்கிறான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். டிரெய்லர் இழுப்பவர்கள் அதைவிடச் சூடு தாங்கும் டாட் 4 போடலாமா என்று உங்கள் மெக்கானிக்கைக் கேளுங்கள்.

எனக்கு உண்மையிலேயே ரத்தம் கொதித்தது, டிரெய்லரை ஷெட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தபோது. அதற்கென்று தனி பிரேக் உண்டு. முன்வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முட்டித் தள்ளும். அந்தத் தள்ளலே, டிரெய்லரை முன்வண்டியோடு இணைக்கும் கப்ளிங்கில் இருக்கும் ராடை உள்ளே அமுக்கி டிரெய்லர் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். பழைய மாடல்களில் ரிவர்ஸ் எடுக்கும்போதும் இப்படிப் பிடித்துக்கொள்ளும். அந்தத் தொல்லை வேண்டாமென்று யாரோ ஒரு போல்ட்டை நுழைத்து, ராட் அசையாதபடி வெல்டிங் வைத்திருக்கிறார்கள். ஆக 1,300 கிலோவுக்குப் பிரேக்கே கிடையாது. வாங்கியவனுக்கு அது தெரியவும் தெரியாது.

கிளம்பும் முன் ஆள் நடமாட்டமில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் அடித்து, டிரெய்லர் பிடிக்கிறதா பாருங்கள். இன்ஜின் முன்னால் இருக்கும் காரை முகம் முன்னால் வரும்படி ஏற்றுங்கள். பாரம் அச்சுக்குப் பின்னால் போனால் டிரெய்லர் வாலாட்டும். ஆட ஆரம்பித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். பாதுகாப்புச் சங்கிலி இரண்டையும் கப்ளிங்குக்கு அடியில் குறுக்காக மாட்டுங்கள், கொக்கி கழன்றாலும் முனை ரோட்டில் குத்தாது.

இறக்கம் தொடங்கும் முன்பே கியரைக் குறையுங்கள், பாதி வழியில் வேண்டாம். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் மோடு. பிரேக்கில் காலை வைத்தபடியே வராதீர்கள். நன்றாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, காலை எடுத்து ஆறவிடுங்கள். கருகல் வாசம் வந்தால் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை நம்பாமல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். அரை மணி நேரம் டீ குடியுங்கள். தயவுசெய்து பாட்டில் தண்ணீரை டிஸ்கில் ஊற்றாதீர்கள், நெளிந்துவிடும்! அதையும் மீறிப் பிரேக் போய்விட்டால் பெடலை அடுத்தடுத்து மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள், ஹாரனை விடாதீர்கள். தம்பி கடைசியில் செய்தது அதைத்தான், அதற்கு மட்டும் அவனைப் பாராட்டினேன்.

போல்ட்டை அறுத்து எடுத்தாயிற்று. கப்ளிங் ராடின் அதிர்வைத் தணிக்கும் டேம்பர் தேடி, இங்கே ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு முழுக்க அலைந்தும் அளவு பொருந்தவில்லை. வெளியூரில் சொல்லியிருக்கிறேன். அது வரும்வரை டிரெய்லரைத் தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அடுத்த ரேஸ் போய்விடும் என்று தம்பி கோபித்துக்கொண்டு போயிருக்கிறான்.