கிளாஸ்பாத் எந்த ஊர்ப் பாதை?

கோவைப் பக்கம் ஜாவா நிரல்மொழி சொல்லித்தரும் இடங்களில் ‘வகுப்புப் பாதை’ என்றொரு சொல் உலவுகிறது. ஜாவா நிரல் தனக்கு வேண்டிய கிளாஸ்களை, அதாவது நிரல் துண்டுகளை, எந்தெந்த இடங்களில் தேடவேண்டும் என்று சொல்லும் பட்டியலான கிளாஸ்பாத்துக்குத் தமிழாம். கேட்டால் பள்ளிக்கூடத்துக்கு வழி சொல்வதுபோல இருக்கிறது.

கிளாஸ் லத்தீன் வழிவந்த சொல்; ரோமானியக் குடிமக்களைப் பிரித்த பிரிவுக்கு அந்தப் பெயர். பாத் பழைய ஆங்கிலம், நடைவழி. ஆனால் ஜாவாவுக்கு முந்திய யூனிக்ஸ் இயங்குதளத்திலேயே பாத்துக்கு இன்னொரு பொருள் வந்துவிட்டது: கட்டளையை எந்தெந்த அடைவுகளில் (ஃபோல்டர்களில்) தேடவேண்டும் என்ற பட்டியல். ஜாவா எடுத்துக்கொண்டது அதைத்தான். விண்டோஸில் அரைப்புள்ளியும் லினக்ஸில் முக்காற்புள்ளியும் இட்டு இடங்களைப் பிரிக்கிறோம். ஒரே நூலகத்தின் இரு பதிப்புகள் இருந்தால் பட்டியலில் முன்னால் நிற்பதே எடுபடும். பாதைக்கு ஏது இந்தக் குணம்?

சொல் தவறினால் வேலையும் கெடுகிறது. ஜாவா 8இல் ஓடிய, வலைவழியே எக்ஸ்எம்எல் செய்தி பரிமாறும் சோப் வெப் சர்வீஸை ஜாவா 11இல் பில்ட் செய்தால், அதாவது நிரலைத் தொகுத்துக் கட்டினால், ‘ஜாவாஎக்ஸ்.எக்ஸ்எம்எல்.டபிள்யூஎஸ்’ தொகுப்பு இல்லை என்று நிரலை மொழிமாற்றும் கம்பைலர் நின்றுவிடும். ‘பாதை தப்பு’ என்று படித்த பையன் ஃபோல்டர் பெயர்களில் எழுத்துப்பிழை தேடிக்கொண்டிருக்கிறான். பாதையில் ஒன்றும் தப்பில்லைங்க. 2018இல் வந்த ஜாவா 11 அந்தத் தொகுப்பையே ஜேடிகே என்னும் ஜாவா கருவிப்பெட்டியிலிருந்து நீக்கிவிட்டது. பில்ட் கருவியான மேவனில், வேண்டிய நூலகங்களைப் பட்டியலிடும் போம் கோப்பில் அந்தத் தொகுப்பைத் தரும் ஜாக்ஸ்-டபிள்யூஎஸ் 2.3ஐச் சேர்க்கவேண்டும். 3.0ஐச் சேர்த்தால் தொகுப்பின் பெயரே ‘ஜகார்த்தா’ என்று தொடங்கும், பிழை அப்படியே இருக்கும். பில்ட் ஆகி, சர்வரில் ஏற்றியபின் ‘நோ கிளாஸ் டெஃப் ஃபவுண்ட்’ என்ற பிழை வந்தால், சர்வரில் ஏற்றிய வார் கோப்பில் நூலகங்கள் இருக்கும் லிப் அடைவைத் திறந்து பாருங்கள். போம் கோப்பில் ஸ்கோப்பை ‘புரொவைடட்’ (சர்வரே தரும்) என்று போட்டிருந்தால் நூலகத்தின் ஜார் கோப்பு அதற்குள் போயிருக்காது. பில்ட் தேடுவது ஓரிடம், சர்வர் தேடுவது வேறிடம்.

பள்ளிப் பாடநூலோ கிளாஸுக்கு ‘இனக்குழு’ என்கிறது. மானுடவியலில் ஏற்கெனவே குடியிருக்கும் சொல். ‘இனக்குழுப் பாதை காணவில்லை’ என்று திரையில் வந்தால் யாரைத் தேடிப் போவது? இன்னொரு நண்பர், நம்மூரில் வழியைத் தடம் என்கிறோமே, ‘வகுப்புத் தடம்’ என்று வைக்கலாமே என்றார். கொங்குப் பாசம் எனக்கும் உண்டு, இட்டேரித் தடத்தில் நடந்து வளர்ந்தவன்தான். ஆனாலும் தடமும் நடக்கிற வழிதானே, அதே கோளாறு.

வகுப்பு என்ற பாதியில் எனக்குக் குறையில்லை. வகு என்றால் பிரி. ரோமானியர் சொன்ன கிளாஸும் ஒரு பிரிவுதான். மாற்றவேண்டியது பாதையை. உறைவிடம், புகலிடம் போலத் ‘தேடிடம்’ என்று வைத்தால் என்ன? வகுப்புத் தேடிடம். ‘தேடிடத்தில் ஜார் இல்லை’ என்றதும் கை தானாகப் பட்டியலுக்குப் போகும்.

மொழிபெயர்ப்பவர்கள் ஒருமுறையாவது இந்தப் பிழையை வரவழைத்துப் பார்த்துவிட்டுப் பெயர் வைக்கலாம். சொல்லை இரண்டாகப் பிரித்து அகராதிப் பொருளை ஒட்டுவதற்கு ஆள் எதற்கு? அவர்களுக்கு மனம் வரும்வரை ஆசிரியர்கள் கிளாஸ்பாத் என்றே சொல்லித்தரட்டும். பையன் கூகுளில் தேடினால் விடையாவது கிடைக்கும்.