ரூட் கடவுச்சொல் மறந்துபோன லினக்ஸ் கம்ப்யூட்டர்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகக் கூடாது. மண்டபம், பாம்பன் பக்கம் மீன் கம்பெனிகளில் அப்போது வேலை மந்தம். கணக்கு எழுதும் கம்ப்யூட்டரும் உறை போட்டுக் கிடக்கும். தடைக்காலம் முடிந்து திறக்கும்போது, எதையும் மாற்றும் முழு அதிகாரமுள்ள 'ரூட்' கணக்கின் கடவுச்சொல் ஒருவருக்கும் ஞாபகம் இல்லையென்றால்? "அதுக்குள்ளதானே கெடக்கும், தேடி எடுத்துக் குடுங்க தம்பி" என்பார் முதலாளி. ஆனால் அதற்குள் அது இல்லை.

லினக்ஸ் கடவுச்சொல்லை எங்கேயும் எழுதி வைப்பதில்லை. 'ஷேடோ' என்றொரு கோப்பு உண்டு. சாதாரணப் பயனரால் அதைப் படிக்க முடியாது. கடவுச்சொல்லை ஒரு கணக்கீட்டில் செலுத்திக் கிடைத்த ஹேஷ் மட்டுமே அதில் இருக்கிறது. கருவாடு மீனாகாது, ஹேஷும் அப்படித்தான், அதிலிருந்து சொல்லுக்குத் திரும்ப வழியில்லை. லாகின் செய்யும்போது நாம் தட்டியதையும் அதே கணக்கீட்டில் செலுத்தி, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஏற்பாட்டுக்கு வயது அதிகம். யூனிக்ஸ் கடவுச்சொற்களைப் பற்றி 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் எழுதிய ஆய்வுரையிலேயே, கணக்கீட்டை வேண்டுமென்றே மெதுவாக்குவதும், ஒவ்வொரு கடவுச்சொல்லோடும் 'சால்ட்' என்ற தற்செயல் துணுக்கைச் சேர்ப்பதும் விளக்கப்பட்டிருக்கின்றன. சால்ட் இருப்பதால் ஒரே சொல்லை வைத்திருக்கும் இருவருக்கும் வேறு வேறு ஹேஷ் வரும். டெபியன் என்ற லினக்ஸ் வகையில் 11-ஆம் பதிப்பு முதல் இயல்பாக வரும் யெஸ்கிரிப்ட் என்ற ஹேஷ் முறை நினைவகத்தையும் நிறையக் கேட்கும். லட்சக்கணக்கில் ஊகித்துப் பார்க்க நினைப்பவருக்குச் செலவு எகிறும்.

ஆகவே பழைய சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை வைக்க வேண்டியதுதான். (அதற்கு முன் விசைப்பலகையைப் பாருங்கள். உப்புக்காற்றில் ஏதாவதொரு விசை விழாமல் போயிருக்கலாம். தட்டச்சு தமிழ்99 என்ற தமிழ் விசைமுறையில் நின்றிருக்கலாம். பயனர் பெயர்க் கட்டத்தில் தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.)

மாற்றுவதற்கு ரூட் அதிகாரம் வேண்டுமே, அது எங்கிருந்து வரும்? கம்ப்யூட்டர் எழும் வரிசையிலிருந்து. முதலில் லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப் வருகிறது, அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ஏற்றுகிறது, கெர்னல் முதல் புரோகிராமை ஓட்டுகிறது. வழக்கமாக அது மற்ற சேவைகளைத் தொடங்கும் சிஸ்டம்டி. அந்த முதல் புரோகிராம் ரூட்டாகவே ஓடும். அந்த நேரத்தில் கடவுச்சொல் கேட்க ஆளே இல்லை. லாகின் திரை பிறகுதான் வரும். கிரப் பட்டியலில் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தி, கெர்னல் வரியின் கடைசியில் 'முதல் புரோகிராமாக பாஷ் என்ற ஷெல்லை ஓட்டு' என்று சேர்த்தால், நேரே ரூட் அதிகாரத்தோடு கட்டளை தட்டும் திரை (ஷெல்) கிடைக்கும். வட்டு படிக்க மட்டும் திறந்திருக்கும். எழுதவும் முடிகிற மாதிரி மறுபடி இணைத்து (மவுண்ட் செய்து), பாஸ்வேர்டு மாற்றும் கட்டளையைக் கொடுத்தால் புதிய ஹேஷ் ஷேடோவில் ஏறிவிடும். கிரப்பில் செய்த திருத்தம் அந்த ஒரு தடவைக்குத்தான். உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் ரூட் கணக்கு பூட்டியே வருவதால், ரூட்டாகக் கட்டளை கொடுக்கும் 'சூடோ' உரிமையுள்ள பயனரின் சொல்லை மாற்ற வேண்டும். ஃபெடோரா என்ற வகையில், எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு கோப்புகளில் இடும் குறிகளைத் திரும்ப எழுதச் சொல்லாவிட்டால் புதிய சொல்லும் நுழைய விடாது.

நமக்குத் திறந்த இந்த வழி, கம்ப்யூட்டர் கையில் கிடைத்த எவருக்கும் திறக்கும். கிரப்புக்குக் கடவுச்சொல் போடலாம்; வட்டைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டுபவரை அது தடுக்காது. படகுக்காரர்களின் அட்வான்ஸ் கணக்கும் ஆதார் நகலும் இருக்கும் வட்டை, லினக்ஸின் வட்டு மறையாக்க முறையான லக்ஸில் மறையாக்கம் செய்வதே சரி என்பேன்.

லக்ஸில் கடவுச்சொல் வாசலில் நிற்கும் காவல் அல்ல. தரவைத் திறக்கும் சாவியே அதிலிருந்துதான் வருகிறது. அதனால் மேலே சொன்ன எதுவும் அங்கே பலிக்காது. சொல் போனால் தரவும் போயிற்று. லக்ஸ் ஒரே வட்டுக்குப் பல கடவுச்சொற்களை ஏற்கும். நிறுவிய அன்றே இரண்டாவதாக ஒன்றைச் சேர்த்து, தாளில் எழுதி, இரும்புப்பெட்டியில் பூட்டி வையுங்கள்.